ஆவாரஞ்செடிக்கு ஊத்துன தண்ணி

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா, நாளையிலேருந்து என் வீட்டுக் குழாயில காத்துதான் வரணும்.

ஒரு யூனிவர்சிட்டி ஆபீசு முன்னாடி புல்லு மெத்தை கணக்கா கெடந்துச்சு. ஓரத்துல, தானா மொளைச்ச ஆவாரஞ்செடி ஒண்ணு.

"என்னடி, உனக்கு ஒரு வாய் ஊத்த நாதியில்லையா?"ன்னு புல்லு தெனமும் சீண்டும்.

"மழை ஊத்துறது எனக்குப் போதும். நீ குடி, குடிகாரி!"ன்னு ஆவாரை சிரிக்கும்.

கோடையில ஹாஸ்டல்ல குளிக்கத் தண்ணியில்ல, புல்லுக்கு மட்டும் தெனமும் ஊத்துனாங்க. பிள்ளைங்க வாளியோட வந்து புல்லு மேலயே உக்காந்துட்டாங்க. ஆபீசு மெரண்டுபோய், புல்லைப் பேத்துட்டுக் கூழாங்கல்லு பரப்புச்சு. ஆவாரையைச் சுத்திப் பாத்தி கட்டி, 'தண்ணீர் சேமிப்புத் தோட்டம்'னு போர்டு வச்சுச்சு.

தொறந்து வைக்க மந்திரி வர்றாராம். அதுக்குள்ள பூக்கணுமே! தெனமும் லாரித் தண்ணி வந்து எறங்குச்சு. வேரு ஊறிப்போய் ஆவாரை எலை மஞ்சளாச்சு.

"ஐயோ, வாடுதே!"ன்னு இன்னொரு லாரி கொண்டாந்தாங்க.

கல்லிடுக்குல தப்பிச்ச புல்லு ஒரு கத்தை இருந்துச்சு. ஆவாரை அதுகிட்டக் கெஞ்சுச்சு. "அக்கா, குடிகாரின்னு சொன்னதை மனசுல வச்சுக்காத. பாத்திக்குள்ள வந்து இதைக் குடிச்சுரு. இல்லாட்டி நான் செத்துருவேன்."

"அடிப்பாவி, முன்னாடியே கூப்புட மாட்டியா!"ன்னு புல்லு உள்ள எறங்குச்சு.

மந்திரி வந்தப்ப ஆவாரை பூத்திருந்துச்சு. சுத்தி, புல்லு மெத்தை கணக்கா கெடந்துச்சு.

கதை சொல்லித் தொண்டை வறண்டுபோச்சு, ஆளுக்கொரு சொம்புத் தண்ணி கொண்டாங்க. தாராளமா ஊத்துங்க, நான் ஒண்ணும் ஆவாரஞ்செடி இல்ல!