தொட்டிக் கண்ணாடியில் பாசி

மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்த லிஜினுக்கு, குளச்சல் வீட்டில் மூன்று வருடமாக ஆசையாய் வளர்க்கும் கலவா மீன் கண்ணிலேயே படவில்லை. கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடி முழுக்கப் பாசி.

“ஏட்டி டெல்சி, நீ தொடைக்கியா இல்லியா?”

“தொடைக்கத்தான் செய்யேன். திரும்பவும் வருது.”

“தவிட்டு நிறத்துல இருந்தா துணி போதும். பச்சைன்னா பிளேடு வச்சுச் சுரண்டணும். ரோஸ் நிறத்துல கட்டியா இருக்கது நல்லது, அதைத் தொடாத. வெளிச்சம் கூடுனாலும் பாசி கூடும், பாத்துக்க.”

“சரி, பாத்துக்கிடுதேன்” என்று போனை வைத்த டெல்சி, தொட்டிமேல் இரண்டாவது லைட்டையும் போட்டாள்.

அடுக்களையிலிருந்து மாமியார் பேபி எட்டிப் பார்த்தாள். “கண்டுபிடிச்சிட்டானா?”

“இல்ல மாமி. பாசிதான் காப்பாத்திச்சு.”

“காத்து அடங்கி வள்ளம் கடலுக்குப் போனதும் உன் மாமன் அதே அளவுல ஒண்ணை உயிரோட கொண்டு வந்துருவாரு. நான் என்ன செய்ய மக்கா? அன்னைக்குச் சர்ச்சுப் பங்குச்சாமியார் சாப்பிட வந்துட்டாரு. கரையில ஒரு சாளை மீன் கூட இல்ல. மீன்பிடிக்காரன் வீட்டுல அவருக்குச் சாம்பாரா ஊத்த முடியும்?”