பெட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

மழை விட்ட காட்டில் இலை நுனிகள் இன்னும் வெளிச்சத்தைச் சொட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கிருந்தோ வந்து மரப்பொந்துகளையெல்லாம் வளைத்துப்போட்ட மைனாக்களை விரட்டி விரட்டி, சீட்டிக்குருவிகளுக்காக மரத்துக்கு மரம் கூட்டுப்பெட்டி கட்டி வைத்திருக்கிறாள் வனக்காவலர் அக்கா. வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. இருந்தும் போன வருஷத்திலிருந்து ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை; காட்டில் எங்கேயும் அந்தச் சீட்டியே கேட்கவில்லை. அதனால்தான் குருவியின் பழைய பதிவை ஸ்பீக்கரில் தினமும் போட்டுக் கூப்பிடுகிறாள். ஏறி இறங்கும் சீட்டி ஒலித்து ஓய்கிறது. அவளும் ஜீப் டிரைவரும் வழக்கம்போல மூச்சடக்கி நிற்கிறார்கள். தலைக்கு மேலிருக்கும் பெட்டிக்குள்ளிருந்து பதில் வருகிறது.

"அண்ணே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. குடித்தனக்காரர் வந்துட்டாரு. இனியாவது அந்தப் பாட்டை நிறுத்து, கேட்டுக் கேட்டு எனக்கே முட்டை போடணும் போல இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. அவசரமாகத் தூக்கிய தொலைநோக்கி மூக்கில் இடிக்கிறது. மறுபடியும் அதே சீட்டி, இம்மி பிசகாமல். பெட்டியின் வட்ட வாசலில் முதலில் ஒரு மஞ்சள் அலகு தெரிகிறது. பின்னாலேயே மைனா வெளியே வருகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனப்பாடத்தில் முதல் மார்க் வாங்கும் பிள்ளை மாதிரி, தினமும் கேட்டுப் படித்ததை முழுசாக ஒப்பிக்கிறது. பதிவின் கடைசியில் வரும் கர்ர் என்ற இரைச்சலைக்கூட விடவில்லை.

டிரைவர் தொண்டையைச் செருமுகிறார். "வலையை எடுக்கட்டுமாம்மா?"

மைனா பிடிக்கும் வலை அவள் காலடியில்தான் கிடக்கிறது.

"இருங்கண்ணே," என்கிறாள். "இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும்."