தள்ளிப்போன வகுப்பு

"தோடு, செயின் எல்லாம் கழட்டியாச்சா?" என்று நர்ஸ் கேட்டதும் என் கை தானாகக் காதுக்குப் போனது.

"செக்ட்," என்றேன்.

நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விமானி அறையில் ஒருவர் கேட்பார், மற்றவர் அந்தந்தப் பொருளைத் தொட்டுப் பார்த்து இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். வருடக்கணக்கான பழக்கம், சட்டென்று விடுமா? வீட்டில் கேஸை மூடினாயா என்று அம்மா கேட்டாலும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு செக்ட் என்றுதான் சொல்வேன்.

கட்டுப்பல் இல்லை, நகப்பூச்சு இல்லை, வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் செக்ட்.

பித்தப்பையில் கல். அவசரம் ஒன்றுமில்லை, சௌகரியப்பட்டபோது எடுத்துக்கொள்ளலாம் என்றார் சர்ஜன். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். லைசென்ஸுக்காக உடம்பைப் பரிசோதிக்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். கல்லோடு பறக்கக் கூடாது, எடுத்துவிட்டு, புண் ஆறிய பிறகு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நியாயம்தான். ஆகாயத்தில் வலி வந்தால் ஓரங்கட்டி நிறுத்தவா முடியும்?

ஆனால் புது விமானக் கம்பெனியில் பயிற்சி வகுப்பு அடுத்த வாரமே தொடங்குவதாக இருந்தது. பழைய கம்பெனியை இழுத்து மூடிய பிறகு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்து, நாய் படாத பாடு பட்டு வாங்கிய வேலை அது. இதை விட்டால் இன்னொன்று எப்போது வரும், வருமா என்பதே தெரியாது.

தலைமைப் பயிற்சியாளர் இன்டர்வியூவிலேயே சொல்லிவிட்டார்: "என் கிளாஸ் யாருக்காகவும் நிக்காதும்மா. நீ வரலைன்னா உன் சீட்டுல வேற ஆளு."

அவருக்குப் பெயரே கறார் கேப்டன். இத்தனை வருட சர்வீஸில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லையாம். வெளியே காத்திருந்தவர்கள் பயபக்தியோடு சொன்னார்கள். உனக்கு உடம்பு எப்படி என்று அவர் கேட்டதற்கு, கல்லு மாதிரி இருக்கேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அப்போது கல் இருப்பது எனக்கே தெரியாது!

கம்பெனியிடம் சொல்லிவிடு என்றார் என் வீட்டுக்காரர். மூச்சு விடாதே என்றாள் அம்மா. நான் இரண்டு பேர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் மெயில் வந்தது. நிர்வாகக் காரணங்களால் வகுப்பு ஒன்றரை மாதம் தள்ளிப்போகிறது, வருந்துகிறோம்.

வருத்தமாம்! நான் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். அம்மா விட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யாரு தள்ளி வெச்சாங்களோ, எந்த மகராசனோ, நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும்."

அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். அப்படித்தான் இந்தக் குளிர்ந்த அறையில், இந்தப் பச்சை அங்கியில் வந்து படுத்திருக்கிறேன்.

நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் போனாள். பக்கத்துக் கட்டிலிலும் அதே கேள்வி.

"மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டியாச்சா சார்?"

"செக்ட்."

நான் தலையைத் தூக்கினேன்.

அந்தக் குரல். என் கிளாஸ் யாருக்காகவும் நிக்காதும்மா என்ற அதே குரல்.

பேசாமல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? விரலில் மாட்டியிருந்த கிளிப் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் பதறி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் திரையையும் சேர்த்து இழுத்துவிட்டாள்.

கட்டிலை ஒட்டி அவர் நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் இல்லை, தொப்பி இல்லை. முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கியை இரண்டு கைகளாலும் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"பித்தப்பைக் கல்லு சார். கிளாஸுக்கு முன்னாடி ஃபிட்னஸ் வாங்கிடுவேன் சார்," என்று உளறினேன்.

அவர் வாசலைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம்போலச் சொன்னார்.

"எனக்குக் குடலிறக்கம். ஆபீஸ்ல அண்ணன் மக கல்யாணம்னு சொல்லியிருக்கேன். வெளிய வாயத் தொறந்தே..."

விரலை நீட்டி மிரட்டப் போனார். அங்கி நழுவியது. விரல் வந்த வழியே பின்னால் போய்விட்டது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும். ஆனால் எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. அழுகைகூட வந்தது.

"நல்லா ஆறின அப்புறம் வந்தாப் போதும். அவசரப்படாதே," என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து. இந்த முறை கறார் இல்லை.

என்னைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் அம்மா கண் கலங்கி நின்றிருந்தாள். கூடவே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, பயமா இருக்கா கண்ணு என்றாள்.

"இல்லம்மா. கிளாஸைத் தள்ளி வெச்ச மகராசன் உள்ளதான் இருக்காரு. அடுத்தது அவருதான். அவருக்கும் சேர்த்து வேண்டிக்கோ."