அணிலின் கூப்பன்

கரடியின் சூப்பர் மார்க்கெட்டுக்கு, 'கடலை மிட்டாய் இலவசம்' என்ற கூப்பனோடு மத்தியான வெயிலில் ஓடி வந்தது அணில். குட்டிகள் வீட்டில் காத்திருந்தன.

"இது காலையில மட்டும்தான் செல்லும்," என்றது முதல் கவுன்ட்டர் கிளி.

"யார் சொன்னது? சாயங்காலம்தான் செல்லும்," என்றது அடுத்த கவுன்ட்டர் ஆமை.

அணில் நேரே கரடியிடம் போய்ப் பொரிந்து தள்ளியது. கரடி இருவரையும் பிடி பிடியென்று பிடித்தது.

"இனிமே ஒரே சட்டம்தான். எழுதியே ஒட்டிடுறேன்!"

சுற்றுமுற்றும் காகிதம் தேடிய கரடி, அணிலின் கையில் இருந்ததைப் பிடுங்கியது. அதன் பின்பக்கத்தில், 'கூப்பன் எந்நேரமும் செல்லும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பசை தடவிச் சுவரில் ஒட்டியது.

அணிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ என் கடலை மிட்டாயைக் குடுங்க, ஐயா."

"தாராளமா! கூப்பன் எங்கே?" என்று கை நீட்டியது கரடி.