முதல் படி

ரயில் வந்தபின் அந்த ஊர்ச் சந்தைக்கு வந்த கம்பெல்லாம் துறைமுகப் பட்டணத்துக்குப் போயிற்று. மழை பொய்த்த வருஷமும் அப்படியே போயிற்று. மண்டியில் தானியம் அளப்பவன் முத்திருளன். ஒருநாள் அவன் தங்கை பேச்சி கரிசல்காட்டிலிருந்து நடந்தே வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு படி போடேன்."

மண்டிக்காரர் குறுக்கே வந்தார். "பட்டணத்து வெல தந்தியில வந்துட்டு. ஒரு மணி கம்பு இங்க நிக்கக் கூடாது."

முத்திருளன் குனிந்து அளந்துகொண்டே இருந்தான். நிமிர்ந்தபோது அவள் இல்லை. மூன்றாம் நாள் ரயில் பாதையோரம் பசியில் செத்துக் கிடந்தவளை அவனே தூக்கிப் புதைத்தான்.

அடுத்த சந்தையன்று முதல் படியை அள்ளினான். ஒன்று என்பதற்குப் பதில் 'லாபம்' என்று சொல்வது அளப்பவர் வழக்கம். அவன் வாயில் "பேச்சி" என்று வந்தது.

"என்னல சொல்லுத?" என்றார் மண்டிக்காரர்.

மறுபடி அள்ளினான். மறுபடியும் "பேச்சி."

மண்டி வேலிக்கு வெளியே பசித்து நின்ற கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தி, "இந்தா இருக்கேண்ணே" என்றாள். முத்திருளன் படியோடு எழுந்து போய் அவள் முந்தானையில் கொட்டினான். திரும்பி வந்து இன்னொரு படி அள்ளினான். அவன் வாய் திறக்கும் முன்பே வேலி நெடுகிலும் குரல்கள் எழுந்தன: "இந்தா இருக்கேண்ணே."