கையை அமுக்கிப் பார்த்த சம்பந்தி

ஆத்தா மேல சத்தியம்! ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்துக்கூடச் சொல்வேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இப்பவே உதிரட்டும்.

அய்யாக்கண்ணு மகள் இலக்கியாவைப் பெண் பார்க்க அரிமளத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நிலவழகன், அவன் அம்மா முத்துமாரியம்மாள், அப்புறம் ஒரு வேன் நிறைய சனம்.

இலக்கியா காபித் தட்டை நீட்டினாள். முத்துமாரியம்மாள் டம்ளரை எடுக்கவில்லை. பெண்ணின் விரல்களையே பார்த்தாள்.

"தட்டை வச்சுட்டு இங்கிட்டு வாத்தா. கையைக் குடு."

கொடுத்தாள். விரல் முட்டி நாலையும் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு!

"அம்மா!"

அந்தச் சத்தத்தில் ரோட்டில் போன டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கையையும் குடு." அங்கேயும் ஒரு அமுக்கு. அங்கேயும் ஒரு அலறல்.

"காலையில எந்திரிச்சா, சீப்பைப் பிடிச்சுத் தலை சீவ எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு... ஒரு மணி நேரம்."

"பாத்திரம் கழுவுறாள்ல, பச்சத்தண்ணி ஒத்துக்கல!" என்று குறுக்கே விழுந்தாள் பெண்ணின் தாய் கண்ணாத்தாள்.

அய்யாக்கண்ணு எழுந்துவிட்டார். "ஏங்க, பொண்ணு பாக்க வந்தீகளா, மாடு பிடிக்க வந்தீகளா? அப்படியே பல்லையும் பிடிச்சுப் பாருங்களேன்!"

முத்துமாரியம்மாள் அசரவில்லை. "இப்படியே விட்டா ரெண்டே வருசத்துல இந்த விரலெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சுரும். சோறு பிசைய முடியாது. சட்டைக்குக் கொக்கி மாட்ட முடியாது."

நல்ல காரியம் பேசுகிற வீட்டில் இப்படியொரு பேச்சு! வேனில் வந்த சனமே வாயைப் பொத்தியது.

"எம்மகளுக்குச் சாபம் விடுறீகளா?" என்று குதித்தார் அய்யாக்கண்ணு. "மொதல்ல ஒங்க கையைப் பாருங்க! முருங்கை வேரு மாதிரி கோணிக்கிட்டு..."

உண்மைதான். முத்துமாரியம்மாளின் பத்து விரலும் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தன.

"அதைப் பாத்துத்தாங்க சொல்றேன். வியாழக்கிழமை புதுக்கோட்டையில மூட்டு டாக்டர் இருப்பாரு. பிள்ளையை நானே கூட்டிட்டுப் போறேன். பூ வைக்கிறதை அப்புறம் பேசிக்கலாம்."

"பிடிக்கலைன்னா நேராச் சொல்லிட்டுப் போங்க. எதுக்கு இந்த ஆஸ்பத்திரி நாடகம்?"

வேன் கிளம்பியது. "ராட்சசி! நல்லவேளை, பொண்ணு தப்பிச்சா" என்றது தெரு. நானும்தான் சொன்னேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கு வாசலில் ஆட்டோ. உள்ளே முத்துமாரியம்மாள்! அய்யாக்கண்ணு கதவை மறித்தார்.

"வழி விடுங்கப்பா. வலிக்கிறது எனக்குத்தானே?" என்று இலக்கியா செருப்பை மாட்டினாள். பின்னாலேயே கண்ணாத்தாளும் ஓடினாள். ஆம்பிளைத் துணை வேண்டுமே என்று, பெரியப்பா முறைக்காரனான நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் தோளிலிருந்து முழங்கால்வரை இருபத்தெட்டு மூட்டையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். எதில் வலி, எதில் வீக்கம் என்று நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தாள். கைக்கும் காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நாலு குப்பி ரத்தம் போனது.

சாயங்காலம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர்.

"இது முடக்குவாதம். எலும்பை இன்னும் அரிக்கல. ஆனா ரத்தத்தைப் பாத்தா, விட்டா வேகமா அரிக்கிற வகைன்னு தெரியுது. இப்பவே மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் தடுத்துடலாம். அப்பப்ப வந்து காட்டணும். கல்யாணம் தாராளமாப் பண்ணலாம். குழந்தை வேணும்னா மட்டும் முன்னாடியே சொல்லணும், மருந்தை மாத்தணும். ஆமா, இப்ப ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். கண்ணாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"வலி மாத்திரைங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, காபித் தட்டைத் தூக்கணுமேன்னு ரெண்டு குடுத்தேன். வீட்டுல அவுகதான் குடுக்கச் சொன்னாக."

அப்படிப் போடு! சாபம் என்று குதித்த அய்யாக்கண்ணுவுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும்!

வெளியே வந்ததும் கண்ணாத்தாள் அழுதேவிட்டாள். "மறைச்சது தப்புத்தான் மதினி. எங்க பிள்ளை ஒங்களுக்கு வேணாம்னாலும்..."

முத்துமாரியம்மாள் பைக்குள்ளிருந்து வாழை இலைப் பொட்டலத்தை எடுத்தாள். காலையிலேயே வாங்கிய மல்லிகை, கொஞ்சம் வாடியிருந்தது.

"இந்த விரலை வச்சுக்கிட்டு எனக்குக் கொண்டை ஊசி குத்த வராது. நீயே பிள்ளைக்கு வச்சுவிடு."

"எப்படி மதினி கண்டுபிடிச்சீக?"

"எங்க ஆத்தாவும் எனக்கு ரெண்டு மாத்திரை குடுத்துத்தான் காபித் தட்டைத் தூக்க வச்சுச்சு. என்னையப் பாக்க வந்த மாமியா கையைத் தொட்டுக்கூடப் பாக்கல. அப்பயே பூவை வச்சுட்டுப் போயிட்டாக. ரொம்பத் தங்கமானவுகன்னு ஊரே சொல்லுச்சு, கண்ணாத்தா."

அந்த வியாழக்கிழமை நாங்கள் ஜாதகம் பார்க்கப் போனதாகத்தான் அய்யாக்கண்ணு ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால், இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்!