பாக்ஸருக்கு ஏற்ற வீடு

"கிறிஸ்துமஸ் ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாய் எங்க இருக்கும்?"

மிக்காயேலா இதை எல்லோரிடமும் கேட்பாள். ரொசாரியோ நகரின் ஓரத்தில், கைவிடப்பட்ட நாய்களுக்காக அவள் நடத்தும் காப்பகத்துக்கு நாய் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியில்தான் தோற்றுப்போவார்கள்.

"குளியலறையில. நானும் கூடவே இருப்பேன்," என்றாள் ஒதீலியா. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்த களைப்பு அவள் குரலில் இருந்தது. "ஜன்னலைச் சாத்திட்டு, ரேடியோவைச் சத்தமா வச்சிடுவேன்."

"தெருவே வெளிய வந்து, கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லிக்கும். நீங்க போக மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"பக்கத்து வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்களே?"

"கோவிச்சுக்கிட்டுப் போகட்டும்."

மிக்காயேலா குடுவையிலிருந்த மாத்தே தேயிலையில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். ஒதீலியா குழலில் உறிஞ்சினாள். நல்ல கசப்பு. அவள் முகம் மாறவில்லை.

"ரொம்பக் குடையறேன்னு நெனைக்காதீங்க, ஒதீலியாம்மா. இந்த நாய் எனக்குக் கிடைச்சதே போன கிறிஸ்துமஸ் ராத்திரியிலதான். ஊரே வெடி போடுது. இவன் ஒரு லாரிக்கு அடியில கிடந்து நடுங்கறான். கழுத்துல பட்டைகூட இல்ல. யாரோ ஒரு மகராசி கதவைத் திறந்து போட்டுட்டு, கோப்பையோட தெருவுக்குப் போயிருக்கா!"

"ம்."

"அவ மட்டும் இங்க வரட்டும், இந்த வெந்நீரை மூஞ்சியில ஊத்தறேன்."

"ஊத்த வேண்டியதுதான்."

மிக்காயேலா சிரித்துவிட்டாள். "பாக்ஸர் ஜாதி நாய்னா லேசுப்பட்டதில்ல. சோபா பூரா ஜொள்ளு ஊத்துவான். இவன் கொறட்டைக்கு முன்னால உங்க வீட்டுக்காரர் கொறட்டையெல்லாம் தோத்துப்போகும்."

"அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு. வீட்டுல கொறட்டைச் சத்தம் கேக்காமத்தான் எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

மிக்காயேலா குடுவையை வாங்கி, மறுபடி வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"மார்ச்சுலயே வந்தீங்க. கேட்டுக்கு வெளியவே நின்னு, 'எனக்குத் தகுதி இல்ல'ன்னு திரும்பிப் போயிட்டீங்க. இப்ப ஜூன் மாசம், குளிர்காலமே வந்தாச்சு. ஏன் இவ்வளவு தாமதம்?"

"தயாராக வேணாமா? வாசக்கதவுக்கு உள்ள இன்னொரு கம்பிக்கதவு போட்டேன். ஒண்ணு திறந்தா இன்னொண்ணு மூடியிருக்கணும். அப்பவும் மனசு ஒப்பலை. தினம் வேலை முடிஞ்சு வந்து, ரெண்டு கதவையும் திறந்து மூடிப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"இன்னும் வராத நாய்க்கா?"

ஒதீலியா குடுவையை மேசைமேல் வைத்தாள்.

மிக்காயேலா எழுந்தாள். இப்படி ஒரு ஆளுக்காகத்தான் இவ்வளவு நாளும் அந்த நாயை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். "நீங்க தயார். கூட்டிட்டுப் போங்க. இன்னையிலிருந்து இவன் உங்க நாய்."

ஒதீலியா எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

"நாங்க இவனைக் குண்டான்னு கூப்பிடறோம். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், திமிர் பிடிச்சவன். நல்ல பேரா நீங்களே ஒண்ணு வைங்க."

"பழைய பேரே இருக்கட்டும்."

"அது யாருக்குத் தெரியும்?"

ஒதீலியா, நாய்கள் இருக்கும் கொல்லைக்கான கதவின் பக்கம் திரும்பி, "பெலிசாரியோ," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

காப்பகத்துக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் குரைக்காத நாய், கதவை முட்டிக்கொண்டு குரைத்தது.